ஆயுத பூஜைக்குக் கொழுக்குமலை போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பாடியிலும் ஆவடியிலும் வேலை பார்த்து, ஆயுத பூஜை லீவுக்கு வேன் பிடித்து மலையேறும் தம்பிகள் எல்லாருக்கும்,

உங்கள் டூர் கமிட்டி அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். அதனால் சுற்றி வளைக்கவில்லை. இந்தத் தடவையும் கொழுக்குமலைதான் என்று டீக்கடைப் பேச்சில் காதில் விழுந்தது. தாராளமாகப் போங்கள். வருஷம் முழுக்க மெஷின் சத்தத்தில் நிற்கிறவனுக்கு மேகத்துக்கு மேலே நின்று சூரியன் வருவதைப் பார்க்கும் உரிமை எல்லாரையும்விட அதிகம். நீங்கள் போகிற விதத்தில்தான் எனக்கு வருத்தம். கொஞ்சம் கோபமும் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

நீங்கள் எப்படிப்பட்ட வேலைக்காரர்கள் என்று எனக்குத் தெரியும். பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் நின்று ரிடையர் ஆனவன் நான். நம் பகுதியின் சரித்திரமே வண்டியின் சரித்திரம்தான். 1962-இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா வந்தது. வீல்ஸ் இந்தியாவும் அதே பாடியில்தான். 1970-களில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் சேர்ந்துகொண்டது. ஆவடியில் 1965-இல் விஜயந்தா டாங்கி வெளியே உருண்டு வந்தது. இந்தப் பெரிய பெயர்களுக்குப் பின்னால், எஸ்டேட்டின் சந்துகளில், ஒரு லேத்தும் இரண்டு டிரில்லும் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளை எண்ணி முடியாது. ஓடும் வண்டியை நிறுத்துகிற வித்தை இத்தனை கைகளுக்குத் தெரிந்த ஊர் இந்தியாவில் அதிகம் இருக்காது. டிரம்மில் முடி அளவுக்குக் கீறல் தெரிந்தாலும் நீங்கள் அதைச் சிவப்புப் பெட்டியில் போடுகிறீர்கள். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் கையெழுத்துப் போட மாட்டீர்கள். ஆயுத பூஜை அன்று அந்த மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துக் கும்பிடுகிறீர்கள்.

அன்று ராத்திரியே வேன் ஏறி, மறுநாள் மதியம் மலையில் ரூம் போட்டு, அதற்கடுத்த நாள் விடியும் முன்னே நாலு மணிக்குச் சூரியநெல்லியில் ஒரு ஜீப்பில் ஏறுகிறீர்கள். அதன் சக்கரத்தைக்கூடக் குனிந்து பார்ப்பதில்லை.

எனக்கு விளங்காதது இதுதான். வேலை நேரத்தில் இருக்கிற கண் லீவு நாளில் எங்கே போகிறது?

அந்தப் பாதை உங்களுக்கே தெரியும். கொழுக்குமலை நம் தேனி மாவட்டத்து நிலம். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் ஏற முடியும். நம் பக்கத்துக் குரங்கணியிலிருந்து நடந்து ஏறும் பாதை மட்டுமே. சூரியநெல்லியிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றால் ரோடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கார் போகாது. ஃபோர் வீல் டிரைவ் ஜீப் மட்டும்தான். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் மண் சுவர், நடுவில் பிடுங்கிக்கொண்டு நிற்கும் கல். ஏறுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இறங்குவதைப் பற்றித்தான் நான் பேச வேண்டும், ஏனென்றால் இறக்கத்தில்தான் நம் தொழில் இருக்கிறது.

அங்கே ஓடுகிற பழைய ஜீப்புகளில் பலவற்றில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். நீண்ட இறக்கத்தில் பெடலில் கால் வைத்தபடியே வந்தால் என்ன ஆகும் என்று உங்களில் டெஸ்டிங்கில் இருப்பவர்களைக் கேளுங்கள். டிரம் சூடாகி விரிகிறது. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடுகிறது. லைனிங்கின் பிடிப்பு குறைகிறது. பெடல் கீழே போகிறது, வண்டி நிற்பதில்லை. ஃபேட் என்று நாம் டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஒரு கோடாக வரைந்து ஃபைலில் போடுகிறோமே, அது அங்கே கொழுக்குமலை வளைவில் உயிரோடு நடக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்த டிரைவர் லோ கியரில் போட்டு, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி, நத்தை வேகத்தில் இறக்குவார். அவர் மெதுவாக வருவது பயத்தால் அல்ல. அதுதான் அவருடைய தொழில் சுத்தம்.

அவரைத்தான் நீங்கள் கிண்டல் செய்கிறீர்கள். “என்ன அண்ணே, மாட்டு வண்டி ஓட்டுறீங்களா?” “முன்னாடி போற வண்டியைப் பிடிங்க அண்ணே, ஐந்நூறு எக்ஸ்ட்ரா தர்றோம்.” செல்போனை வெளியே நீட்டி வீடியோ எடுக்கிறவர் ஒருத்தர், பின் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர் ஒருத்தர். ஜீப்புக்கு ஆறு பேர் என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். பதினெட்டுப் பேர் போனால் மூன்று ஜீப் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் “ரெண்டு ஜீப்பில் அடக்கிடலாம், மிச்சக் காசுக்கு வேற ஆகும்” என்று கமிட்டியில் ஒருத்தர் சொல்வார், எல்லாரும் சிரிப்பீர்கள். மூன்று பேர் கூடினால் இருநூறு கிலோ. அந்த இருநூறு கிலோ சீட்டுக்கு மேலே, உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. வளைவில் வண்டி சாயும்போது அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஓவர்லோடு பற்றி நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டுமா?

2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. மூணாறு பக்கத்து விபத்துகளுக்குப் பிறகு எடுத்த முடிவு அது. வண்டியின் தகுதியையும் டிரைவரின் லைசென்ஸையும் பார்த்த பின்புதான் விடுவோம் என்றார்கள். அப்போது நம் எஸ்டேட்டில் ஒருவர் என்னிடம் சலித்துக்கொண்டார்: “டூரைக் கெடுத்துட்டாங்க சார்.” எந்த அரசாங்க உத்தரவுக்கும் நான் வக்காலத்து வாங்குகிறவன் இல்லை. ஆனால் தகுதி பார்ப்பது இன்னொருத்தர் வேலை, ஏறி உட்காருவது மட்டும் என் வேலை என்று வேறு யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நீங்கள் சொல்லக் கூடாது.

குனிந்து பார்க்க இரண்டு நிமிஷம் போதும். டார்ச் எல்லார் செல்போனிலும் இருக்கிறது. டயரில் பட்டன் தேய்ந்திருக்கிறதா? வீல் நட்டு எல்லாம் இருக்கிறதா? ஸ்பிரிங் பட்டையில் ஒரு பிளேட்டு உடைந்து தொங்குகிறதா? சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா? சரிவில் ஹேண்ட் பிரேக் போட்டால் வண்டி நிற்கிறதா? இவ்வளவுதான். இதை அதிகாரம் பண்ணிக் கேட்கக் கூடாது. “அண்ணே, நாங்க பிரேக் கம்பெனி ஆளுங்க, சும்மா பார்த்துக்கிறோம்” என்று சொன்னால் எந்த டிரைவரும் முகம் சுளிக்க மாட்டார். சூரியநெல்லியில் ஜீப் ஓட்டுகிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. பலர் தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளைகள். இந்த மாதிரி பேச்சு வந்தால் அவர்களே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களிடம் சந்தேகம் கேட்பார்கள். ஒரு லைனிங் சீக்கிரம் தேய்கிறது என்றால் அது எதனால் என்று உங்களால் சொல்ல முடியும். எக்ஸ்ட்ரா ஐந்நூறு ரூபாயைவிட அந்தப் பதில் அவருக்கு அதிக நாள் உதவும்.

இன்னொன்று, உங்கள் வேன் டிரைவர். அம்பத்தூரிலிருந்து திண்டுக்கல், தேனி, போடி என்று ராத்திரி முழுக்க ஓட்டி, போடிமெட்டில் பதினேழு கொண்டை ஊசி வளைவை ஏறி வந்தவர். நீங்கள் பாட்டுப் போட்டு அவரைத் தூங்க விடாமல் பார்த்துக்கொண்டதாகப் பெருமைப்படுகிறீர்கள். அவருக்குத் தூங்க ஒரு கட்டில் புக் பண்ணினீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு மேலே போகிறேன்.

இனிப் பாட்டில் விஷயம். இதைப் படித்ததும் “பெருசு ஆரம்பிச்சிடுச்சு” என்று சிலர் மடலை மடித்து வைப்பீர்கள். பொறுங்கள். குடி கூடாது என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. குடிக்கிற ஒழுங்குக்கு ஓர் ஊரைக் காட்டுகிறேன்.

அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மடேரா என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கேயும் உங்கள் டூர் மாதிரியே அரைநாள் ஜீப் டூர்தான் பெரிய வியாபாரம். திறந்த ஜீப்பில் மலைப்பாதை, வாழைத் தோப்பு, திராட்சைப் பந்தல் எல்லாம் காட்டி, காபோ ஜிராவ் என்ற பாறை முனைக்குக் கூட்டிப் போவார்கள். கடலிலிருந்து 580 மீட்டர் செங்குத்து. 2012-இல் அங்கே கண்ணாடித் தளம் போட்டார்கள். காலுக்குக் கீழே அலை தெரியும். அந்த டூரில் ஒயினும் உண்டு, டிக்கெட்டோடு சேர்த்தே. மடேரா ஒயின் சாதாரணச் சரக்கில்லை. 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் அந்தத் தீவில் நின்று பீப்பாய் ஏற்றிக்கொண்டுதான் நம் மதராசுக்கு வரும். வெப்பக் கடலைத் தாண்டி வந்தால் மற்ற ஒயின் கெட்டுப் போகும், இது மட்டும் ருசி கூடி வந்து நின்றது. அதைக் கண்டுபிடித்த பிறகு தீவிலேயே சூடு காட்டிப் பக்குவப்படுத்தத் தொடங்கினார்கள். கோட்டைத் துரைமார்கள் நம் வெயிலில் உட்கார்ந்து குடித்தது அதைத்தான்.

அங்கே நடக்கும் ஒழுங்கைக் கவனியுங்கள். ருசி பார்ப்பது என்றால் கிளாஸின் அடியில் இரண்டு வாய். எந்தத் திராட்சை, எத்தனை வருஷம் மரப்பீப்பாயில் இருந்தது என்று ஒருவர் நின்று சொல்வார். ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு அந்த நாட்டுச் சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்குமேல் மது இருக்கக் கூடாது என்கிறது. நம் நாட்டுச் சட்டம் இன்னும் கடுமை, 30 மில்லிகிராம். சட்டத்தில் நாம்தான் முன்னால் இருக்கிறோம். பிறகு ஏன் நம் ஆட்கள் பாதி ராத்திரி வரை குடித்துவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் கலந்து, விடியற்காலை மஞ்சுமூட்டத்தில் பாறை நுனிக்கு எடுத்துப் போகிறோம்? டிரைவருக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுப்பதை உபசாரம் என்று எப்படி நினைக்கிறோம்? குளிருக்கு நல்லது என்கிறீர்கள். குடித்த உடம்புக்குச் சூடு ஏறுவது போலத் தோன்றும், உள்சூடு உண்மையில் வெளியேறும். இது கம்பெனி டாக்டரைக் கேட்டாலே சொல்வார்.

கொழுக்குமலையில் நீங்கள் சூரிய உதயம் பார்க்கிற சிங்கப்பாறை நுனியில் கண்ணாடித் தளமும் இல்லை, கைப்பிடியை நம்பிச் சாய்கிற மாதிரி ஏற்பாடும் இல்லை. கிட்டத்தட்ட 7,900 அடி உயரம். கிழக்கே பார்த்த மலை விளிம்பு. மேகம் விலகினால் கீழே குரங்கணியும் போடியும் தெரியும், மேலே எதிர்ப்பக்கம் மீசைப்புலிமலை 2,640 மீட்டருக்கு எழுந்து நிற்கும். மேகம் மூடினால் உங்கள் பூட்ஸே உங்களுக்குத் தெரியாது. அங்கேதான் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஜம்ப் போட்டோ எடுக்கிறீர்கள். ஆயுத பூஜை முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை வரும். பாறையில் பாசி, காலில் ஈரம். வேறு சொல்ல வேண்டாம்.

அந்தப் பாறைக்குக் கீழே இருக்கிற புல்சரிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியிலிருந்து கொழுக்குமலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களில் சென்னையிலிருந்து போன பெண்கள் பலர். உங்கள் வயதுதான், உங்களைப் போல் வேலையிடத்திலிருந்து ஒரு வாரக்கடைசியைப் பிய்த்துக்கொண்டு போனவர்கள்தான். அந்த நெருப்பு எப்படிப் பிடித்தது என்ற விசாரணையில் நான் இறங்கவில்லை. காய்ந்த புல்லில் ஒரு சிகரெட் துண்டை விட்டெறியும் கையைத் தடுக்க அந்த ஒரு தேதி போதாதா என்று மட்டும் கேட்கிறேன். தீக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை முன்பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்தார்கள். குரங்கணிப் பக்கத்துப் பாதையும் அதில் ஒன்று. நடந்து போக ஆசைப்படுகிறவர்களுக்கு அது இருக்கிறது.

பாட்டிலை அங்கேயே உடைத்துவிட்டு வருகிற பழக்கம் எங்கிருந்து வந்ததோ! நீலகிரியில் காட்டு விலங்குகளின் காலைக் கண்ணாடிச் சில்லு கிழித்ததால்தான், உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022-இல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலி பாட்டிலுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. சூரியநெல்லி, சின்னக்கானல் எல்லாம் யானை நடக்கும் இடம். அரிக்கொம்பன் யானையை நினைவிருக்கும். 2023 ஏப்ரல் கடைசியில் அவனைச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியார் காட்டில் விட்டார்கள். ஒரே மாதத்தில் கம்பம் தெருவுக்குள் வந்து நின்றான். ஜூனில் நம் வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோய் விட்டது. அந்த வீடியோக்களை நீங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே ஃபார்வர்டு செய்தீர்கள். அவன் பழகின தடத்தில்தான் உங்கள் பாட்டில் சில்லு கிடக்கிறது.

சரி, குறை சொன்னது போதும். நீங்கள் எதைத் தவறவிட்டுவிட்டு வருகிறீர்கள் என்று சொல்கிறேன். எனக்கு உண்மையான ஆதங்கம் அதில்தான்.

சூரிய உதயம் முடிந்ததும் “அடுத்தது மூணாறு” என்று கிளம்பிவிடுகிறீர்கள். பத்து நிமிஷத் தூரத்தில் கொழுக்குமலைத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. 1930-களில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் எழுப்பியது. அன்றைக்கு அந்த ஜீப் ரோடு கிடையாது. தளவாடங்கள் கீழேயிருந்து மனிதத் தோளில் மலையேறின. நாலு பேர் தூக்கினாலும் நகராத வார்ப்பிரும்பைக் குரங்கணிச் சரிவில் ஏற்றியவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள் என்பதைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?

ஒரு ஃபிட்டருக்கு, ஒரு டர்னருக்கு, அந்தத் தொழிற்சாலை கோயில். பழைய ஆர்த்தோடாக்ஸ் முறை. பறித்த கொழுந்தை மேல்மாடியில் பரப்பி மணிக்கணக்கில் வாட்டுகிறார்கள். பிறகு ரோலர் இலையை உருட்டிக் கசக்குகிறது. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பது ரோலர் மேன் கையில். அதன் பின் இலை காற்றில் நிறம் மாறி மணம் பிடிக்கக் காத்திருக்கிறார்கள். டிரையர். சல்லடை. மோட்டாரிலிருந்து மேலே ஓடும் ஷாஃப்ட், அதிலிருந்து இறங்கும் தோல் பெல்ட், மரச் சட்டம். நம் அப்பாக்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்துப் பட்டறை எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குக் காட்ட அம்பத்தூரில் இன்று ஒரு மெஷின்கூட மிச்சமில்லை. எல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டன. அங்கே அந்தத் தலைமுறை மெஷின் வேலை செய்கிறது. எந்த புஷ் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடும் காது உங்களுடையது. அந்தக் காதோடு அங்கே ஒரு மணி நேரம் நின்று பாருங்கள்.

பிறகு தேநீர் ருசி பாருங்கள், இரண்டு வாய் ஒயின் ருசி பார்க்கிற அதே பொறுமையோடு. பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். முதல் வாயை உறிஞ்சும்போது சத்தம் வந்தால் வரட்டும். தேயிலை ருசிபார்ப்பவர்கள் காற்றோடு சேர்த்து உறிஞ்சித்தான் குடிப்பார்கள். அந்த உயரத்தில் குளிரில் இலை மெதுவாக வளர்கிறது. அந்த மெதுவின் ருசி நாக்கில் இருக்கும். நம் எஸ்டேட் வாசல் டீக்கடையில் டஸ்ட்டைக் கொதிக்க வைத்து ஆற்றித் தரும் டீயின் மேல் எனக்குப் பக்தி உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இது வேறு ஜாதி. ஒரு பொட்டலம் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அந்தத் தோட்டத்துப் பெண்களின் பிழைப்பு உங்கள் செல்ஃபியில் இல்லை, அந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. அவர்கள் வண்டியேறி ஊருக்குள் போக வேண்டுமென்றாலும் நீங்கள் குலுங்கிக்கொண்டு வந்த அதே ரோடுதான். உங்களுக்கு அது ஒருநாள் அட்வென்ச்சர்.

திரும்பும்போது போடிமெட்டு இறங்கித் தேனிக்கு வருவீர்கள். அங்கிருந்து கம்பம் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள். ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டி. எங்கே பார்த்தாலும் பன்னீர் திராட்சைப் பந்தல். மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த ரகத்தை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள். மற்ற ஊர்களில் சில மாதம்தான் திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கப் பழம் இருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாசிக்கில் சூலா 2005-இல் ருசிக்கூடம் திறந்து, திராட்சைத் தோட்டத்தைப் பார்க்கவே ஜனங்களை வரவழைத்தது. கம்பத்துப் பழத்துக்கும் ஒயினாகிற குணம் உண்டு. நம் ஊர் விவசாயிக்கு அந்த வழி ஏன் இன்னும் அகலமாகத் திறக்கவில்லை என்பது தனிச் சண்டை. இந்த மடலில் அதை இழுக்கவில்லை. பந்தலுக்குக் கீழே நின்று, அன்று வெட்டின குலையை, விதையோடு மென்று, சாறு எடுத்து ஒரு டம்ளர் குடியுங்கள். கிலோவுக்கு அவர் என்ன விலை சொல்கிறார், நம் அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டில் அதே பழம் என்ன விலை விற்கிறது என்று ஒப்பிட்டும் பாருங்கள். வயிறு எரியும். எரியட்டும்.

வேன் வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். அகலப்பாதையாக மாற்ற மூடிக் கிடந்த போடி லைன் திறந்து, 2023 ஜூன் 15 முதல் சென்ட்ரலிலிருந்து போடிக்கு வாரத்தில் மூன்று நாள் ரயில் ஓடுகிறது. காட்பாடி வழி என்பதால் நம் அம்பத்தூர் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகிறது, நிற்காமல். ஏறுவதற்குப் பெரம்பூரோ சென்ட்ரலோ போக வேண்டும். அது ஒன்றும் பெரிய தண்டனை இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்து போடியில் இறங்கலாம். யாரும் ராத்திரி முழுக்க ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம். அசெம்பிளி லைனில் உங்கள் பக்கத்தில் நின்று அதே டார்கெட்டை முடிக்கிற பெண்களும் தைரியமாகச் சேர்ந்து வருவார்கள். அவர்களிடமும் டூர் சீட்டுக்கு மாதாமாதம் பிடிக்கிறீர்கள் இல்லையா? அவர்கள் வேன் ஏறாததற்குக் காரணம் மலை அல்ல என்று உங்களுக்கும் தெரியும்.

கமிட்டிக்கு என் கோரிக்கையைச் சொல்லி முடிக்கிறேன். ஜீப்புக்கு ஆறு பேர், ஒருவர்கூட அதிகம் இல்லை என்று இப்போதே தீர்மானம் போடுங்கள்; மூன்றாவது ஜீப்புக்கு ஆகும் காசைப் பாட்டிலுக்கு ஒதுக்கின தொகையிலிருந்து எடுங்கள். ஒவ்வொரு ஜீப்புக்கும் உங்களில் ஒருவர் இன்ஸ்பெக்டர். அவர் பார்த்துச் சரி என்ற பிறகு மற்றவர்கள் ஏறட்டும், அவர் வேண்டாம் என்றால் யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது. பட்டறையில் அவர் கையெழுத்துக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு அங்கேயும். டிரைவரை வேகமாகப் போகச் சொல்கிறவர் அடுத்த வருஷ டூரில் இல்லை. பாறைக்குச் சரக்கும் சிகரெட்டும் போகாது. குடிக்கிறவர்கள் ராத்திரி ரூமில், மறுநாள் வண்டி ஏறாத ராத்திரியில் பார்த்துக்கொள்ளட்டும். தொழிற்சாலைக்கு ஒரு மணி நேரம், கம்பத்துக்கு அரை நாள் என்று புரோகிராம் ஷீட்டில் டைப் அடியுங்கள். 2018-இல் கொழுக்குமலையில் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி 2030-இல் மறுபடி பூக்கும். அப்போது அந்த ரோட்டில் கூட்டம் பல மடங்கு இருக்கும். நல்ல பழக்கத்தை அதற்குள் நாலு டூரிலாவது பழகிக்கொள்ளுங்கள், மற்ற ஊர்க்காரர்கள் உங்களைப் பார்த்துக் குனிந்து டயரைப் பார்க்கட்டும்.

கமிட்டி கூடும் நாளை யாராவது வந்து சொன்னால் நானும் வருகிறேன். செக் பண்ண வேண்டியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எத்தனை ஜீப்போ அத்தனை ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன். அட்வான்ஸ் மட்டும் அதற்கு முன்னால் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஓ.டி. பக்கத்திலிருந்து ஒரு ரிடையர்டு இன்ஸ்பெக்டர்